முட்டத்து அலையும் கேமராவில் படியும் உப்பும்

குமரி மாவட்டத்து முட்டத்துப் பாறைகளில் நின்று அலைகளைப் படம் எடுக்கத் தொடங்கி ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. இத்தனை ஆண்டுகளில் ஓர் அலைகூட என் கேமராவின் மேல் நேராக விழுந்ததில்லை. இருந்தும் ஒரு கேமராவையும் ஒரு லென்ஸையும் கடலுக்குக் கொடுத்துவிட்டேன். இரண்டும் எப்படிப் போயின என்பதையும், அதன் பிறகு நான் கைக்கொண்ட பழக்கங்களையும் எழுதிவைத்தால், கடற்கரைக்குக் கேமராவைத் தூக்கிக்கொண்டு போகும் பொழுதுபோக்குக்காரர்கள் சிலருக்காவது பயன்படும் என்று நினைக்கிறேன். நான் தொழில்முறைப் புகைப்படக்காரன் அல்லன். வார இறுதி மாலைகள் மட்டுமே எனக்கு உரியவை, கருவிகளும் சொந்தச் சம்பளத்தில் வாங்கியவை.

முதல் ஆண்டு ஆனி மாதத்தில் தொடர்ந்து ஆறேழு மாலைகள் போனேன். கலங்கரை விளக்கத்துக்குக் கீழே உள்ள பாறைகளில் அலை மோதிச் சிதறும் இடத்திலிருந்து நல்ல தொலைவில்தான் நின்றேன். உடம்பில் ஒரு சொட்டுத் தண்ணீர் தெறித்ததில்லை. வீட்டுக்கு வந்து மூக்குக் கண்ணாடியைக் கழற்றும்போது அதில் மாவு தூவியது போல ஒரு படலம் இருக்கும். அதைத் துடைத்துவிட்டுக் கேமராவை அப்படியே பைக்குள் வைத்துவிடுவேன். கண்ணாடியில் படிந்தது கேமராவிலும் படிந்திருக்கும் என்கிற எளிய கணக்கு எனக்குத் தோன்றவேயில்லை. மூன்று மாதம் கழித்து, மேலே உள்ள திருகு வட்டு இறுகிக்கொண்டது; பிறகு ஷட்டர் பொத்தான் தானாகவே அழுந்தியது போல் நடந்துகொண்டது; பிறகு ஒரு நாள் பேட்டரி போட்டும் விழிக்கவில்லை. பழுதுபார்ப்பவர் அடிப்பக்கத் திருகுகளைக் கழற்றி, உள்ளே வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்ததைக் காட்டினார். "சார், இது தண்ணில விழுந்த கேமரா இல்ல, உப்புக் காத்தக் குடிச்ச கேமரா" என்றார். சரி செய்ய அவர் சொன்ன தொகைக்கு அதே மாதிரியில் பழைய கேமரா ஒன்றையே வாங்கிவிடலாம்.

கடல்நீரில் ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கிறது. அலை உடையும்போது நுரைக் குமிழிகள் வெடித்து, கண்ணுக்குப் புலப்படாத துளிகளாகக் காற்றில் ஏறுகின்றன. அவற்றில் பெரியவை கீழே விழுந்துவிட, சிறியவை காற்றோடு கரைக்குள் வருகின்றன. அந்தத் துளி காய்ந்துவிட்டால் தீங்கில்லை என்று நாம் எண்ணுவதுதான் தவறு. நம் வீட்டுச் சமையலறையில் கல் உப்பு வைத்த சாடி மழைக்காலத்தில் தானாகத் தண்ணீர் விட்டுக்கொள்வதைப் பார்த்திருப்போம். சாப்பாட்டு உப்பான சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டினால்தான் கசியத் தொடங்கும். ஆனால் கடல் உப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடுக்கு 33 விழுக்காடே போதும். குமரி மாவட்டக் கடற்கரையில் ஈரப்பதம் அவ்வளவு கீழே இறங்கும் நாள் அரிது. ஆகவே கேமராவின் மேல் படிந்த உப்பு காய்ந்தது போலத் தோன்றினாலும் காய்வதில்லை. ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு, பித்தளையையும் அலுமினியத்தையும் இணைப்பு முனைகளையும் நாள் முழுவதும் அரித்துக்கொண்டிருக்கிறது. பையின் இருட்டுக்குள் அது இன்னும் வசதியாக வேலை செய்கிறது.

முட்டத்தில் கடலின் சீற்றம் தென்மேற்குப் பருவத்தில்தான் மிகுதி. ஆனியிலும் ஆடியிலும் கச்சான் காற்று கடலிலிருந்து நேராக முகத்தில் அடிக்கும். மேற்குக் கரைக்கான மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை என்பதால் விசைப்படகுகள் கரையில் கிடக்கும். கடல் பரப்பு வெறிச்சோடி, அலைகளுக்கு மட்டும் ஆனதாக இருக்கும். படம் எடுப்பவனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும் என்று முதல் சில ஆண்டுகள் நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

எந்தக் காலமானாலும், போய்ச் சேர்ந்தவுடன் கேமராவை வெளியே எடுக்காமல் இருபது நிமிடம் கடலை மட்டும் பார்ப்பது என் வழக்கமாகிவிட்டது. கையில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு, ஓர் அலை குறிப்பிட்ட பாறையில் மோதியதிலிருந்து அடுத்தது மோதும் வரை எத்தனை வினாடி என்று எண்ணுகிறேன். ஏழெட்டு வினாடி என்றால் பக்கத்துக் காற்று எழுப்பிய அலைகள். இரைச்சல் அதிகம், ஆனால் கரையில் ஏறும் தூரம் குறைவு. பதினைந்து, பதினாறு வினாடி என்று வந்தால் அவை தொலைதூரப் புயல்களிலிருந்து வரும் நெடும் அலைகள். ஆழ்கடலில் அலை ஒன்றின் இடைவெளி வினாடிகளை 1.56 ஆல் பெருக்கினால் அதன் வேகம் வினாடிக்கு எத்தனை மீட்டர் என்று கிடைக்கும். பதினாறு வினாடி அலையின் முகடு மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. ஆனால் அலைக்கூட்டம் அதில் பாதி வேகத்தில்தான் முன்னேறும். அண்டார்டிகாவைச் சூழ்ந்த தென்கடலிலிருந்து நமக்கு 6,000 கிலோமீட்டர் என்று கொண்டால், நான் இன்று மாலை படம் எடுக்கும் அலை ஐந்தாறு நாளுக்கு முன்பே புறப்பட்டுவிட்டது. ஏழாவது அலைதான் பெரியது என்று சொல்வார்கள். ஒரு மாலை முழுக்கக் குறித்துக்கொண்டே எண்ணிப் பார்த்தேன். பெரியது சில முறை நான்காவதாக வந்தது, சில முறை பதினொன்றாவதாக வந்தது. கூட்டமாக வரும் என்பது மட்டும் உண்மை: மூன்று, நான்கு பெரிய அலைகள் அடுத்தடுத்து வந்துவிட்டுப் பல நிமிடங்களுக்குக் கடல் ஓய்ந்தது போலக் கிடக்கும்.

அந்த ஓய்வுதான் ஆபத்தானது. கடல் அமைதியாக இருக்கிறதே என்று கீழ்ப்பாறைக்கு இறங்கிக்கொண்டிருந்த என்னை ஒருமுறை, வலை பின்னிக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் கூப்பிட்டார். "மக்ளே, பாறை எதுவரைக்கும் நனைஞ்சு கெடக்குன்னு பாத்தியா? அதுக்கு மேல நில்லு" என்றார். இத்தனை எளிய அளவுகோலை வேறு எந்தப் புகைப்படப் பாடத்திலும் நான் கண்டதில்லை. ஈரமான பாறை என்றால் சற்று முன் அலை அங்கே வந்திருக்கிறது. பாசி கறுத்துப் படர்ந்த பாறை என்றால் நாள்தோறும் வருகிறது, அதோடு வழுக்கும். காய்ந்து வெளுத்த பாறையில் நின்றுகொண்டு, கடலை நெருங்கிப் பார்க்கும் வேலையை நீண்ட லென்ஸிடம் விட்டுவிடுகிறேன். 70-300 மி.மீ. லென்ஸ் இந்தக் காரணத்துக்காகவே என் பையில் முதலிடம் பெற்றது. ஆளையும் காக்கிறது, கருவியையும் காக்கிறது, அலையின் உயரத்தையும் கண்ணுக்குத் தெரிவதை விட மிகுத்துக் காட்டுகிறது. ஹைதராபாத்தில் உள்ள, கடல் நிலைத் தகவல்களை வழங்கும் இன்காய்ஸ் என்ற மத்திய அரசு நிறுவனம் அலைச் சீற்றத்துக்கும் கள்ளக்கடலுக்கும் எச்சரிக்கை வெளியிடுகிறது. கள்ளக்கடல் என்பது உள்ளூரில் காற்றோ மழையோ இல்லாத நாளிலும் திடீரென்று ஏறிவரும் நெடும் அலை. பெரும்பாலும் சித்திரை, வைகாசியில் வரும். 2024 மே மாதத்தில் இதே மாவட்டத்து லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் உயிரிழந்தபோதும் அந்த எச்சரிக்கை நடப்பில் இருந்தது. எச்சரிக்கை உள்ள நாளில் நான் வீட்டை விட்டுக் கிளம்புவதில்லை. எந்தப் படமும் அதற்கு ஈடாகாது.

கருவிகளின் பாதுகாப்பு கடற்கரையில் தொடங்குவதாக எண்ணியிருந்தேன். அது காரிலேயே தொடங்கிவிடுகிறது. ஏ.சி. ஓடும் காரில் 22 டிகிரிக்குக் குளிர்ந்துபோன லென்ஸை, பனிநிலை, அதாவது காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, 25 டிகிரி அளவில் இருக்கும் கடற்காற்றில் எடுத்தால் அது உடனே வியர்த்துவிடும். துடைத்தால் மறுபடி வியர்க்கும். வெளிக் கண்ணாடியில் படிவது கண்ணுக்குத் தெரியும். உள்ளே படிவது தெரியாது. பூஞ்சை முளைப்பதற்கு அந்த உள் ஈரம்தான் விதை நேர்த்தி. நான் இழந்த லென்ஸ் இப்படித்தான் போனது: கண்ணாடிகளுக்கு நடுவில், சிலந்தி நூல் போலக் கிளைத்த வெண்மையான கோடுகள். இப்போது கடைசி ஐந்து கிலோமீட்டருக்கு ஏ.சி.யை அணைத்து, கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டுகிறேன். கேமராப் பை மூடியபடியே இருக்கும். கடலைப் பார்க்கும் அந்த இருபது நிமிடத்தில் உள்ளே இருப்பவை வெளிச் சூட்டுக்கு வந்துவிடும்.

எந்த லென்ஸ் என்பதை வீட்டிலேயே முடிவுசெய்து, வீட்டிலேயே மாட்டிக்கொண்டு போகிறேன். கடற்கரையில் லென்ஸை மாற்றுவதில்லை என்பது நான் ஒருபோதும் மீறாத ஒரே விதி. மேலும், சூம் செய்யும்போது நீண்டு குறுகும் லென்ஸ் கொல்லன் பட்டறைத் துருத்தி போலத்தான் வேலை செய்கிறது: நீட்டும்போது வெளிக் காற்றை உள்ளே இழுக்கிறது, சுருக்கும்போது குழலின் மேல் படிந்த உப்பையும் சேர்த்து உள்ளே கொண்டுபோகிறது. அதனால் சட்டகத்தை ஒருமுறை தீர்மானித்துவிட்டு, முடிந்தவரை அதே நீளத்தில் வைத்துக்கொண்டு எடுக்கிறேன். 'வானிலைக்கு எதிராக மூடப்பட்டது' என்று விற்கப்படும் கேமராக்களைப் பற்றி எனக்குப் பெரிய மயக்கம் இல்லை. கேமரா மூடப்பட்டிருந்து லென்ஸ் மூடப்படாமல் இருந்தால் பயன் பாதிதான். இரண்டும் மூடப்பட்டிருந்தாலும் ரப்பர் வளையங்கள் வயதாகி இறுகுகின்றன.

உறைக்கு நான் அதிகம் செலவு செய்யவில்லை. விலை உயர்ந்த மழையுறை ஒன்றை வாங்கிப் பயன்படுத்திப் பார்த்தேன். அதற்குள் கையை நுழைத்துப் பொத்தான்களைத் தேடுவதற்குள் அலை போய்விடுகிறது. விடுதிகளில் கொடுக்கும் ஷவர் கேப் ஒன்றைக் கேமராவின் உடலின் மேல் கவிழ்த்து, லென்ஸுக்குக் கெட்டியான பாலித்தீன் பையின் அடியை வெட்டி ஹூட்டில் ரப்பர் பேண்டால் இறுக்கிவிட்டால் போதுமானதாக இருக்கிறது. மாலை முடிந்ததும் பாலித்தீனைக் குப்பையில் போட்டுவிடலாம். கடலில் அல்ல என்று சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் பாறை இடுக்குகளில் நான் பார்ப்பவை அப்படி.

முன்கண்ணாடியின் முன்னால் யூ.வி. ஃபில்டர் போடலாமா என்பது முடிவில்லாத வழக்கு. மற்ற நாட்களில் நான் போடுவதில்லை. சூரியனுக்கு எதிரே எடுக்கும்போது அது தேவையில்லாத ஒளிப்பொட்டுகளைக் கொண்டுவரும். கடலில் மட்டும் போடுகிறேன். ஃபில்டரைக் கழற்றிக் குழாய்த் தண்ணீரில் நேராகக் காட்டலாம். லென்ஸைக் காட்ட முடியாது. அந்த ஒரு காரணமே எனக்குப் போதும். ஆடிக் காற்றில் மூன்று, நான்கு படங்களுக்கு ஒருமுறை ஃபில்டரில் புள்ளிகள் விழுந்துவிடும். இதற்காக நான்கைந்து மைக்ரோஃபைபர் துணிகளைத் தனித்தனிச் சிறு பைகளில் வைத்திருக்கிறேன். ஒரு துணியால் ஒருமுறை துடைத்ததும் அதுவும் உப்புத் துணியாகிவிடுகிறது. அதைக் கொண்டே மறுபடி துடைத்தால் பளபளப்பான புகைமூட்டம்தான் மிஞ்சும். கேமராவின் உடலைத் துடைப்பதற்கு மட்டும் பழைய பருத்தி வேட்டியின் கிழிசலை மிஞ்ச எந்தத் துணியும் இல்லை.

படம் எடுக்கும் முறையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பாறையில் மோதி எழும் சிதறலைத் துளித்துளியாக நிறுத்த 1/1000 நொடிக்குக் குறையாத வேகம் வேண்டும்; 1/1600 இருந்தால் நிம்மதி. பாறைகளின் மேலிருந்து வெள்ளிச் சரிகை போல வடியும் நீருக்கு 1/4 முதல் 1/2 நொடி. அதற்கும் மேல் நீட்டினால் கடல் பாலாடையாகிவிடுகிறது. அந்தப் பாணியில் படங்கள் நிறைய வருகின்றன, எனக்கு அவற்றில் கடல் தெரிவதில்லை. வெளிச்சத்தை அளப்பதில்தான் பலரும் சறுக்குகிறோம். சட்டகம் முழுக்க நுரையாக இருந்தால் கேமரா ஏமாந்து படத்தை இருட்டாக்கும். கறுத்த கடல்பரப்புக்கு நடுவே ஒரு கீற்று நுரை என்றால் அந்தக் கீற்றை எரித்துவிடும். வெளுத்துப்போன இடங்களைச் சிமிட்டிக் காட்டும் வசதியை இயக்கி வைத்துக்கொண்டு, நுரை சிமிட்டாத அளவுக்குக் குறைத்துக்கொள்வதே என் வழி. இந்தத் தொல்லை புகைப்படக் கலையளவுக்குப் பழையது. 1857-இல் பிரான்சின் செட் துறைமுகத்தில் குஸ்தாவ் லெ கிரே அலைகளைப் படம் எடுத்தபோது, அவருடைய கண்ணாடித் தகடு நீல ஒளியை மட்டும் மிகுதியாக வாங்கி வானத்தை வெறும் வெள்ளையாக்கிவிடும் என்பதால், வானத்துக்கு ஒன்றும் கடலுக்கு ஒன்றுமாக இரண்டு நெகடிவ்களை இணைத்து அச்சிட்டார். ஈரம் காய்வதற்குள் பூசி, எடுத்து, கழுவ வேண்டிய தகடுகளோடு கடற்கரையில் அவர் எப்படிச் சமாளித்தார் என்று, ஷவர் கேப்பைச் சரிசெய்துகொண்டிருக்கும்போது அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

முக்காலியைப் பாறையில் வைப்பதில் சிக்கல் இல்லை, மணலில்தான் உண்டு. பொதுவாகத் தடித்த மேற்கால்களை முதலில் நீட்டச் சொல்வார்கள். அலைவாய்க்கரையில் நான் தலைகீழாகச் செய்கிறேன்: மெல்லிய கடைசிக் காலை முதலில் முழுவதும் நீட்டிவிட்டால், திருகு இணைப்பு மணலுக்கும் தண்ணீருக்கும் மேலேயே இருக்கும். மணல் ஒருமுறை அந்தத் திருகுக்குள் புகுந்துவிட்டால், அடுத்த ஒரு மாதத்துக்கு ஒவ்வொரு முறை திருகும்போதும் பல் கூசும். பின்வாங்கும் ஒவ்வோர் அலையும் காலடி மணலை உருவிக்கொண்டு போவதால், முக்காலி தானாகச் சாய்ந்துகொண்டேயிருக்கும். கேமராவை அதில் மாட்டிவிட்டு இரண்டடி நகர்ந்து போவது கூடவே கூடாது.

வீடு திரும்பியதும் ஏறத்தாழ ஒரு மணி நேர வேலை இருக்கிறது. எவ்வளவு களைப்பாக இருந்தாலும் அன்றிரவே செய்துவிடுகிறேன். பேட்டரி, மெமரி கார்டு மூடிகளை உடனே திறப்பதில்லை. திறந்தால் விளிம்பில் இருக்கும் உப்பு உள்ளே கொட்டும். நல்ல தண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த துணியால் எல்லா மூடிகளும் மூடியிருக்கையிலேயே முழுவதும் துடைத்து, உலர்ந்த துணியால் மறுபடி துடைத்து, மின்விசிறிக்கு அடியில் அரை மணி வைத்த பிறகுதான் திறப்பது. ஃபில்டர் குழாயடிக்குப் போகிறது. லென்ஸின் கண்ணாடியில் ஏதாவது படிந்திருந்தால், முதலில் காற்றூதும் ரப்பர்க் குமிழியால் ஊதிவிடுகிறேன். உலர்ந்த உப்புத் துகளை அழுத்தித் தேய்ப்பது கண்ணாடியின் பூச்சுக்கு நல்லதல்ல. இதில் நான் நீண்ட நாள் செய்த தவறு ஒன்றுண்டு. லென்ஸ் துடைக்கும் திரவங்களில் பெரும்பாலானவை ஆல்கஹால் கலந்தவை. ஆல்கஹாலில் உப்பு ஏறக்குறைய கரைவதேயில்லை. ஆகவே அவை விரல் ரேகையை எடுக்கும், உப்பை இழுவிவிடும். முதலில் காய்ச்சி வடித்த நீரில் நனைத்த துணி, அதன் பிறகே அந்தத் திரவம். காய்ச்சி வடித்த நீருக்கு எங்கும் அலைய வேண்டியதில்லை. இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றுவதற்கென்று கடைகளில் விற்கிறார்கள். அதே கடையில் அதே போன்ற கேனில் ஆசிட்டும் இருக்கும் என்பதால் கேட்டு, படித்து வாங்க வேண்டும். முக்காலி முழுவதும் விரித்த நிலையில் ஒரு வாளி நல்ல தண்ணீரில் குளித்துவிட்டு, மொட்டை மாடியில் காயும்.

உலர்ந்தவற்றை வைப்பதற்கு, ரப்பர் விளிம்புள்ள காற்றுப்புகாத பிளாஸ்டிக் டப்பா ஒன்றும், அதனுள் சிலிகா ஜெல்லும், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஈரப்பதமானியும் போதும். 40-க்கும் 50-க்கும் இடையில் முள் நிற்க வேண்டும். 60-ஐத் தாண்டி நெடுநாள் நின்றால் பூஞ்சைக்கு அழைப்பு. மிகவும் உலர்த்துவதும் நல்லதல்ல. ரப்பரும் மசகும் இறுகும். ஆரஞ்சு நிறத்திலிருந்து பச்சையாக மாறும் சிலிகா ஜெல்லை வாங்கிக்கொள்கிறேன். நீல நிறத்ததில் கோபால்ட் உப்பு இருப்பதால் வீட்டுக்குள் வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டேன். பச்சையாகிவிட்டதை 120 டிகிரியில் சூடாக்கினால் மறுபடி ஆரஞ்சாகிவிடும். தோல் பையும் துணிப் பையும் ஈரத்தைச் சேமித்து வைப்பவை; கேமராவைச் சுமப்பதற்கு மட்டுமே அவை, குடியிருப்பதற்கு அல்ல.

கேமரா கடலுக்குள்ளேயே விழுந்துவிட்டால், இயங்குகிறதா என்று பொத்தானை அழுத்திப் பார்க்கும் ஆசையை அடக்கிக்கொண்டு பேட்டரியைக் கழற்றி, அன்றே பழுதுபார்ப்பவரிடம் போவதைத் தவிர வழியில்லை. அரிசி மூட்டைக்குள் புதைப்பதால் உப்பு வெளியே வராது. அரிசித் தூள் உள்ளே போகும். கைப்பேசிதானே, தண்ணீர் புகாது என்று சொன்னார்களே என்பவர்கள், ஐ.பி.68 சோதனை நல்ல தண்ணீரில் செய்யப்படுவது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

முன்பே சொல்லத் தொடங்கியதற்கு வருகிறேன். ஆடியில் அலை பெரிதாக இருக்கிறது என்பது உண்மை. ஆனால் வானம் மூடியிருக்கும். சூரியனோ வடமேற்கே ஒதுங்கிக் கரையை ஒட்டியே இறங்கும். கச்சான் காற்று அலையின் முகட்டை உடைத்துக் கலைத்து, அந்தத் தூற்றலையெல்லாம் என் லென்ஸின் மேல் கொண்டுவந்து சேர்க்கும். மார்கழி, தை மாதங்களில் எல்லாம் மாறிவிடுகிறது. காற்று வடகிழக்கிலிருந்து, அதாவது எனக்குப் பின்னாலிருந்து, கரையைக் கடந்து கடலுக்கு வீசுகிறது. அலை இடுப்பளவே எழும்; ஆனால் எதிர்க்காற்று தாங்கிப் பிடிப்பதால் ஒரு கணம் நிமிர்ந்து நின்று, பிறகே மடியும். தென்மேற்கில் கடலுக்கு நேர் மேலே இறங்கும் சூரியன் அந்த ஒரு கணத்தில் அலையின் மெல்லிய சுவரை ஊடுருவி, கண்ணாடிப் புட்டியின் பச்சையை அதில் ஏற்றிவிடும். முகட்டிலிருந்து தூற்றல் பின்னோக்கிக் கடலுக்கே பறக்கும். என் சுவரில் மாட்டியிருக்கும் மூன்று படங்களில் இரண்டு அந்த மாதங்களில் எடுத்தவை. அத்தகைய மாலைகளில் ஃபில்டரை இரண்டு முறைக்கு மேல் துடைத்ததில்லை. இருந்தாலும் வீட்டுக்கு வந்து மூக்குக் கண்ணாடியைக் கழற்றும்போது அந்த மாவுப் படலம் லேசாகவாவது இருக்கத்தான் செய்கிறது. துணியை நனைத்துப் பிழிந்துகொண்டு கேமராவின் முன் உட்காருகிறேன்.